உப்புப் பார்க்கும் குரங்கு

ஏப்ரல் 9, புதன். காசி

காலை: இட்லி, மிளகாய்ப்பொடி. மதியம்: சாதம், பருப்பு, கத்தரிக்காய்க் கூட்டு, மிளகு ரசம், மோர். சாயங்காலம்: கோதுமை ரவை உப்புமா.

யாத்திரை டைரியில் இதை மட்டும் எழுதுவதுதான் என் வழக்கம். பதினோரு யாத்திரை, பதினோரு டைரி, எதிலும் இதற்கு மேல் ஒரு வரி கிடையாது. இந்தத் தடவை கொஞ்சம் கூட எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலியில் ஏறி இரண்டு ராத்திரி ரயில். முப்பத்து நாலு யாத்ரீகர்கள், பாதிப்பேருக்கு முழங்கால் வலி, மீதிப்பேருக்குச் சர்க்கரை. அழைத்து வந்திருப்பவர் மேனேஜர் தாணுலிங்கம், வயது முப்பத்தெட்டு, வாய் ஓயாது. சமையலுக்கு நான், கோமதிநாயகம், வயது அறுபத்தொன்று. எனக்கு ஒத்தாசைக்கு ஆவுடை. புருஷன் போன பிறகு கல்யாண வீடுகளில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள். இதுதான் முதல் யாத்திரை. நல்லபடியாக முடித்தால் அடுத்த தடவையும் கூப்பிடுவதாகத் தாணு சொல்லியிருக்கிறான். அதைத் தினமும் நாலு தடவை என்னிடம் சொல்கிறாள்.

கூட்டத்துக்குத் தலைவி என்றால் மங்கையர்க்கரசி டீச்சர்தான். எழுபத்திரண்டு வயது. பெட்டியில் ஒரு செம்புப் பிள்ளையார் வைத்திருக்கிறார். எந்த ஊரில் சமைத்தாலும் முதல் அகப்பை அந்தப் பிள்ளையாருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போட வேண்டும். அதற்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது, சமைப்பவனும் கூடாது. எனக்கு இது புதிதில்லை. நாற்பது வருஷமாகக் கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் அப்படித்தான் சமைத்திருக்கிறேன். கொதி வரும்போது குனிந்தால் உப்புக் குறைச்சலா கூடுதலா என்று ஆவியே சொல்லிவிடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் எனக்கு மூக்குப்பிள்ளை என்று பெயர்.

இங்கே சத்திரத்தின் மொட்டைமாடியில் சமையல். சுற்றிலும் கம்பிவலை, மேலேயும் கம்பிவலை. நாங்கள் கூண்டுக்குள், குரங்குகள் வெளியே. நம் ஊர்க் குரங்குக்குத் தலையில் வகிடு எடுத்த மாதிரி மயிர் இருக்கும், பார்க்கவும் ஒரு பவ்யம் தெரியும். இதுகள் வேறு ஜாதி. சிவந்த மூஞ்சி, குட்டை வால், தாணுவைப் போல ஒரு அதட்டல்.

சளி இன்னும் விடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன். காசி

வீட்டிலிருந்து மனைவி விசாலம் போன் செய்தாள். “சளி எப்பிடி இருக்கு?” என்றாள். பரவாயில்லை என்றேன். “தை மாசத்துக் காய்ச்சலோட வந்த சளி, சித்திரை பொறக்கப் போவுது, இன்னுமா?” என்றாள். இங்கே புழுதி அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெருங்காய டப்பாவை ஒரு குரங்கு தூக்கிப் போய்விட்டது. ஆவுடை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தூக்கிட்டுப் போனத மோந்து பாத்துட்டுத் தும்முது பாருங்க அண்ணாச்சி!” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. காசி

வெண்பொங்கல், தேங்காய்ச் சட்னி.

தேங்காய் துருவுவது ஆவுடை வேலை. இரண்டு மூடி துருவினாள். கீழே குடிதண்ணீர் பிடிக்க வரிசை நீண்டுவிட்டது. அவளை அனுப்பிவிட்டு மிச்சம் நாலு மூடியை நானே துருவி, அரைத்து, தாளித்தேன். பிள்ளையாருக்குப் போய் வந்தது. இலை போட்டார்கள்.

முதல் வாயிலேயே டீச்சர் இலையைத் தள்ளினார். “நாயகம், தேங்கா அழுகல்.”

எல்லாரும் தள்ளினார்கள். தாணு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தான். “யக்கா, தேங்காயத் துருவும்போது மோந்து பாக்க மாட்டியளா? என் பேர் கெட்டுப்போவும்லா?”

“ரெண்டு மூடி நாந்தான் துருவுனேன். நல்லாத்தான இருந்துச்சு” என்றாள் ஆவுடை. என்னைப் பார்த்தாள். காப்பிக்கு வைத்த பால் பொங்கி வந்தது. அதைக் கவனிக்க வேண்டியிருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பார்த்தால் குப்பைக் கூடையிலிருந்து சிரட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மூக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை நீட்டினாள். “இத நானா துருவுனேன் அண்ணாச்சி? இம்புட்டு நாறுது. எனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?”

“விடு தாயி, நடக்குறதுதான்” என்றேன்.

ஏப்ரல் 12, சனி

பஸ். பிரயாகையில் முழுக்கு. நெருப்பு வெயில். புளியோதரை. புளியோதரை கெடாது, அதனால் இன்று நிம்மதி.

ஏப்ரல் 13, ஞாயிறு. சித்திரகூடம்

காலையிலேயே சமைத்துப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் டயர் பஞ்சர். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். நதிக்கரையில் ஒரு மடம், பின்கட்டில் அடுப்பு. எல்லாரும் கால் கழுவப் போன நேரத்தில் கூட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். பாசிப்பருப்பு, சௌசௌ, தேங்காய். எட்டு மணி நேரம் வெயிலில் வந்திருக்கிறது. குனிந்தேன். ஆவி முகத்தில் பட்டது. அவ்வளவுதான். சுடுதண்ணீரில் குனிந்தாலும் இதுதான் தெரியும்.

நானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. பிள்ளையார் இன்னும் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. நாற்பது வருஷத்தில் செய்யாததைச் செய்யக் கை போகவில்லை.

சுவரில் ஒரு பெண் குரங்கு உட்கார்ந்திருந்தது. நல்ல பருமன், வயிற்றில் குட்டி. ஒரு அகப்பைக் கூட்டை வாதாம் இலையில் வைத்து நீட்டினேன். கையில் எடுத்தது. வாய்க்குக் கொண்டு போகவில்லை, மூக்குக்குக் கொண்டு போனது. என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கையைச் சுவரில் துடைத்துக்கொண்டது.

இன்னொரு அகப்பை. மறுபடியும் துடைத்துக்கொண்டது. எலுமிச்சைச் சாதம் வைத்தேன். அதை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது.

கூட்டு முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். ஆவுடை வந்து குனிந்து பார்த்தாள். “நல்லவேளை கொட்டுனிய அண்ணாச்சி. புளிச்ச வாடை வருது.” கொஞ்சம் நின்றுவிட்டு, “வருதுல்லா?” என்று கேட்டாள்.

“வருது” என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை 1. சித்திரகூடம்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி (வேப்பம்பூ ஊரிலிருந்து கொண்டு வந்தது), பருப்பு வடை, பூசணிக்காய்ச் சாம்பார், ரசம், பால் பாயசம். டீச்சர் இதற்காகவே பட்டுப்புடவை எடுத்து வந்திருக்கிறார்.

விடிந்ததும் பின்சுவரைப் பார்த்தேன். வந்திருந்தது.

ஆவுடையை மாவிலை பறிக்க அனுப்பிவிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கொடுத்தேன். ரசச் சோற்றைத் தின்றுவிட்டு நாக்கை நாலைந்து தடவை வெளியே நீட்டியது. உப்புக் கூடுதல் என்று அர்த்தம். இன்னும் இரண்டு செம்பு பருப்புத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து மறுபடி கொடுத்தேன். நாக்கை நீட்டவில்லை. பாயசத்துக்கு இலையையும் சேர்த்து நக்கியது.

மனது உறுத்தாமல் இல்லை. நான் நாக்கில் வைத்தால் எச்சில். இதற்கு வைத்தால்? ஊரே ஆஞ்சநேயர் என்று கும்பிடுகிற பிராணி. ஆஞ்சநேயருக்குப் படைத்ததைப் பிள்ளையார் வாங்க மாட்டாரா? அவர்கள் இரண்டு பேருக்கும் பகை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். “நாயகம், ஒங்க மூக்குக்குத் தங்கத்துல காப்பு பண்ணிப் போடணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவுடைதான் சத்தமாகச் சிரித்தாள். காசிக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அயோத்திக்கு எட்டு மணி நேரம் பஸ். இடுப்பு வலி. மூக்கு அப்படியே.

ஏப்ரல் 16, புதன். அயோத்தி

காலை: ரவை இட்லி. மதியம்: சாதம், அவியல், மோர்க்குழம்பு. அவியல் மிஞ்சியது. சாயங்காலம் சப்பாத்தியோடு அதையே வைத்தேன். கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். இங்கே சந்துப் பக்கம் ஒரு குரங்கு வருகிறது, எலும்பும் தோலுமாக. துடைத்துக்கொள்ளவில்லை. முழுக்கத் தின்றது.

ஏப்ரல் 17, வியாழன். அயோத்தி

ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. டீச்சருக்கு மோசம். தெருமுனையில் இருந்த ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கஞ்சி வைத்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடம் குடமாகக் கொதிக்கவைத்து ஆறவைத்தேன். காலையிலிருந்து உட்காரவில்லை.

பசித்த குரங்கு எதையும் தின்னும். இது எனக்கு நேற்றே தெரிந்திருக்க வேண்டும். பெரிய கோயில் பக்கத்தில் கடலையும் லட்டும் வாங்கிப் போட்டுப் போட்டு அங்கே குரங்குகள் கொழுத்துக் கிடக்கின்றன, கடைக்காரர்கள் கம்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். சந்துக் குரங்குக்கு அங்கே இடமில்லை போலிருக்கிறது. கொடுத்தது எதுவோ, அதுதான் அதற்குச் சாப்பாடு. நான் அதன் மூக்கைத்தான் பார்த்தேன், வயிற்றைப் பார்க்கவில்லை.

தாணு நேராக ஆவுடையிடம் போனான். “பாத்திரத்த யாரு மூடி வச்சா?”

“நாந்தான்.”

“மொத தேங்கா. இப்ப அவியல். அந்த டீச்சருக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்லுதது? மதுரா போனதும் ஒங்களுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருதேன். நீங்க கெளம்புங்க யக்கா.”

அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

மதுராவுக்கு பஸ். பின்சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

16ஆம் தேதிப் பக்கத்தில் ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று நாலு மணிக்கு ஆவுடை அவியல் பாத்திரத்தைத் திறந்தாள். “எனக்கு ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றாள். பிறகு அவளே, “ஆனா என் மூக்க நம்ப முடியாது. காசியிலயே பாத்தோம்லா. நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

நான் குனிந்தேன். மூச்சை இழுத்தேன். தலையை ஆட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, மூடி வை” என்றேன்.

அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

அவள் மூன்று சீட் முன்னால் டீச்சருக்கு விசிறிக்கொண்டே வருகிறாள். டிக்கெட் இருபதாம் தேதி சாயங்காலத்துக்கு.

ஏப்ரல் 19, சனி. பிருந்தாவனம்

தாணுவிடம் சொல்லிவிடுவது என்று காலையில் எழுந்ததும் முடிவு செய்தேன். கோயில் சந்தில் அவனைப் பிடித்தேன். “தாணு, ஒரு விஷயம்” என்று ஆரம்பிக்கும்போது டீச்சர் வீல் என்று கத்தினார். அவர் மூக்குக் கண்ணாடி ஒரு குரங்கின் கையில் இருந்தது.

இந்த ஊரில் குரங்குகளுக்கு இது தொழில். மனுஷர்கள் அதற்குத் தகுந்தபடி வாழப் பழகிவிட்டார்கள். கண்ணாடி போட்டவர்கள் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி நடக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பால்கனியில் கம்பிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி மூடியில் இரும்புச் சங்கிலி. டீச்சரிடம் மூன்று பேர் சொன்னார்கள், கழற்றுங்கள் என்று. “நான் கிருஷ்ணனப் பாக்க வந்திருக்கேன், மங்கலாப் பாக்கவா?” என்று கேட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

கடைக்காரர் ஒருவர் அவசரமே படாமல் ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவை எடுத்து மேலே வீசினார். குரங்கு அதை ஒரு கையால் பிடித்து மறு கையால் கண்ணாடியைக் கீழே போட்டது. ஒரு கீறல் இல்லை. தாணு கைதட்டினான். அதற்குப் பிறகு கூட்டம், பேச்சு, சிரிப்பு. நான் சொல்ல வந்ததை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் சமையல் கொட்டகை ஒரு பழைய வீட்டின் பின்னால். ஒரே கதவு, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இங்கே எனக்கு வாய்த்திருப்பது ஒரு கிழட்டு ஆண். ஒரு காது கிழிந்திருக்கிறது. அயோத்தியில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. இது கொழுத்ததுதானே, இது பசிக்குத் தின்னாது என்று கணக்குப் பண்ணினேன். இரண்டு வேளை சுவரில் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் வேளை அதுவாகவே கதவுக்குள் வந்து கையை நீட்டியது.

ஏப்ரல் 20, ஞாயிறு. பிருந்தாவனம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியச் சமையல் ஆரம்பிக்கும் முன் தண்ணீர் பிடிக்கப் போனேன். சிலிண்டரை மூடவில்லை, அடுப்பின் திருகைத்தான் மூடினேன். கதவைச் சாத்தவில்லை, காது கிழிந்ததற்காக ஒருக்களித்து வைத்தேன். இரண்டும் என் வேலைதான்.

திரும்பி வரும்போது அது உள்ளே இருந்தது. மாவு டப்பாவை உருட்டி, காய்க்கூடையைக் கவிழ்த்து, அடுப்புக்குப் பின்னால் நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. குடத்தை இறக்கிவிட்டு விரட்டினேன். ஓடிவிட்டது. இனி வரக் கூடாது என்று கதவை இழுத்துச் சாத்தினேன். பக்கத்து மடத்தில் ஒலிபெருக்கியில் பஜனை. காது அடைத்தது. சிந்திய மாவைக் கூட்டி அள்ளினேன். அரிசி களைந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். தீப்பெட்டியை எடுத்தேன்.

கதவு திறந்தது. ஆவுடை. கையில் துணிப்பை, தலை வாரிப் பொட்டு வைத்து ரயிலுக்குக் கிளம்பிய கோலம். சொல்லிக்கொள்ள வந்திருக்கிறாள். ஒரு கால் உள்ளே வைத்தவள் அலறினாள்.

“அண்ணாச்சி! பத்த வைக்காதிய!”

குரங்கைப் பார்த்துக் கத்துகிறாள் என்று நினைத்தேன். திரும்பிக் குரங்கு எங்கே என்று தேடினேன், கையில் குச்சியோடு. அவள் பாய்ந்து வந்து என் கையில் அடித்தாள். தீப்பெட்டி தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்தது. சிலிண்டர் திருகை மூடினாள். ஜன்னல் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள். அப்புறம்தான் பார்த்தேன், அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் கழன்று தரையில் கிடந்தது.

கொட்டகைக்கு மேல்மாடியில் முப்பத்து நாலு பேரும் இருந்தார்கள்.

ஆவுடைக்கு மூச்சு வாங்கியது. “இம்புட்டு நாத்தத்துல எப்பிடி நின்னிய? முத்தத்துக்கே அடிக்குதே.”

நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி. ஒங்களுக்கு மணம் தெரியலையா?”

“தெரியல.”

“எப்பருந்து?”

“தையிலருந்து.”

அவள் கணக்குப் போட்டதை நான் முகத்தில் பார்த்தேன். “அப்ப காசியில?”

“அழுகல் நான் துருவுன நாலு மூடியிலதான்.”

“அவியலு?”

“நீ சொன்னதுதான் சரி.”

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தன் கைகளைத் தூக்கி முகத்தருகே கொண்டு போனாள். “ஒம்பது நாளா இந்தக் கைய மோந்து மோந்து பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்குத்தான் மூக்குச் செத்துப்போச்சு, இனி ஒரு அடுப்படியிலயும் சேக்க மாட்டாவன்னு. சோப்பு மணக்குது, இது நெசமா மணக்குதா, நானா நெனைச்சுக்கிடுதேனான்னு. ராமரு கோயில்ல கூட அதத்தான் வேண்டுனேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய அண்ணாச்சி?”

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சத்தம் கேட்டு எல்லாரும் இறங்கி வந்தார்கள். தாணு மோப்பம் பிடித்துவிட்டு முகம் வெளுத்தான். “கேஸை யாரு தொறந்து வச்சா?” என்றான். அவன் கண் பழக்கத்தில் ஆவுடையிடம்தான் போனது.

“நான்” என்றேன். தேங்காய், அவியல், குரங்கு, எல்லாவற்றையும் முற்றத்தில் நின்று சொன்னேன். சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் பஜனையில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கும் அளவுதான். இதற்கா இத்தனை நாள்.

தாணு உள்ளே போய்ச் சிலிண்டர் திருகை இன்னொரு தடவை இறுக்கினான். டீச்சர்தான் கேட்டார். “அப்போ வருசப் பொறப்பு அன்னைக்கு என் பிள்ளையாருக்குக் குரங்கு தின்ன மிச்சமா?”

“ஆமா டீச்சர். நான் நாக்குல வைக்கல.”

“நாக்குல வச்சாத்தான் எச்சின்னு நெனைச்சியளாக்கும்” என்றார். “அந்தப் பொம்பளை மேல பழி விழுந்தப்ப வாய மூடிக்கிட்டு நின்னிய பாருங்க நாயகம், அதுதான் எச்சி.”

மதியம் எல்லாரும் வாழைப்பழமும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். தாணு ஆவுடையிடம் போய், “யக்கா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க” என்றான். அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 21, திங்கள். பிருந்தாவனம்

சாதம், வெண்டைக்காய்ப் பொரியல், சாம்பார், தக்காளி ரசம், மோர்.

இன்றைக்குச் சமைத்தது ஆவுடை. இனி ஊர் சேரும் வரைக்கும் அவள்தான். நான் வெண்டைக்காய் நறுக்கினேன், வெங்காயம் உரித்தேன். வெங்காயத்துக்குக் கண் எரிகிறது. அது ஒன்றாவது மிச்சம் இருக்கிறது.

விசாலத்துக்குப் போன் செய்து சொன்னேன். “பத்திரமா வந்து சேருங்க” என்றாள்.

ஆவுடையிடம் காலையில் மன்னிப்புக் கேட்டேன். “சரி அண்ணாச்சி” என்றாள். அண்ணாச்சி என்று கூப்பிட்டாளே, அதுவே பெரிது.

காது கிழிந்தது பத்து மணிக்கே ஜன்னலுக்கு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கையை நீட்டியது. நான் கையை விரித்துக் காட்டினேன். போகவில்லை.

சாம்பார் கொதி வந்தது. ஆவுடை குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நாற்பது வருஷமாக ஒத்தாசைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்ததைப் போல. உடனே ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி குனிந்தாள்.

“என்ன தாயி, உப்பு எப்பிடி?”

“சரியாத்தான் இருக்குன்னு தோணுது.” கரண்டியைக் கீழே வைத்தாள், எடுத்தாள். “தெரியல அண்ணாச்சி. பயமா இருக்கு. இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுதேன்.”

உலகத்தில் அவள் மூக்கைப் போல் ஒரு மூக்கு கிடையாது. நேற்று முப்பத்தாறு உயிரைக் காப்பாற்றிய மூக்கு. டீச்சரின் கண்ணாடியைக் குரங்கு ஒரு ஜூஸ் டப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் இவளிடமிருந்து எடுத்ததை எதைக் கொடுத்துத் திருப்புவது என்று தெரியவில்லை.

மாடியிலிருந்து டீச்சரின் குரல், பிள்ளையார் காத்திருக்கிறார் என்று. ஆவுடை மூன்றாம் தடவை குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஜன்னலில் குரங்கும் காத்திருந்தது.

“ஒரு சிட்டிகை போடணும்” என்றாள்.

உப்பு ஜாடியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.